தலைகீழாக வைத்த தாள்

"அந்தப் பொண்ணு கடைசியில வீடு வந்து சேந்தாளா, புள்ள?" என்று பொன்மணி ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

என் கை நின்றுவிட்டது. அரசு தடை செய்த கதைப்புத்தகங்கள் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு லோடு லோடாக வரும். தாள்களைக் கிழித்து, கம்பியில் சுற்றிப் பசை தடவி, வெடிக்குக் குழாய் உருட்டுவது எங்கள் வேலை. எழுத்துத் தெரியாதவர்களுக்குத்தான் அந்தக் கொட்டகையில் இடம். எட்டாம் வகுப்போடு நின்ற நான், ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சேர்ந்திருந்தேன். உருட்டும் முன் ஒவ்வொரு தாளையும் திருட்டுத்தனமாக வாசிப்பேன்.

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காத. நீ முணுமுணுத்ததுல பாதிக் கதை என் காதுல விழுந்துருச்சு. மீதியையும் சொல்லு."

அன்றிலிருந்து அவளுக்காகவும் முணுமுணுத்தேன். பொன்மணிக்குத் தன் பெயரை எழுதக்கூட வராது. காதை என் பக்கம் கொடுத்துவிட்டு, கண்ணை என் கைமேல் வைத்திருப்பாள். பல கதைகள் பாதியில் தீர்ந்துவிடும். மீதி வேறு கொட்டகையில் குழாயாகியிருக்கும்.

"அப்ப முடிவு?"

"தீவாளிக்கு வெடிக்கும்போது கேட்டுக்கோ."

எங்களுக்கு எதிரே, எங்களோடு குழாய் உருட்டிய கருப்பம்மாளின் பலகை காலியாகக் கிடந்தது. படிக்கத் தெரிந்தவள் என்று அவளை அரசு ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அதன்பிறகு அவள் புருஷனிடம் விசாரித்தபோது, "யாரு அது?" என்று கேட்டார்.

நேற்று அதே ஜீப் வந்தது. அதிகாரி செருப்புச் சத்தமில்லாமல் நடந்து, ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு தாளைத் தலைகீழாக வைத்தார்.

"உருட்டுங்க."

வாசிக்கிற கை தாளை நேராக்கும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. திருப்பப் போன விரல்களை நிறுத்தினேன். அப்படியே உருட்டினேன்.

பொன்மணி தாளை எடுத்தாள். திருப்பி, எழுத்தை நேராக்கி, அதன்மேல் கம்பியை வைத்து உருட்டத் தொடங்கினாள். இத்தனை மாதமும் என் கையைப் பார்த்து, எழுத்தை அப்படி நிறுத்தி உருட்டுவதுதான் வேலை என்று பழகியிருந்தாள்.

அதிகாரி அவள் தோளைத் தொட்டார்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது, சார்!"

கத்தியது நான்தான். கொட்டகையில் எல்லாக் கம்பிகளும் நின்றன.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரி சிரித்தார். பிறகு பொன்மணியிடம் குனிந்தார். "படிக்கத் தெரியாதுன்னா, யாரைப் பாத்துத் திருப்பிப் பழகின? பேரைச் சொல்லு, நீ வீட்டுக்குப் போகலாம்."

என் பெயர் அவள் உதட்டுக்கு வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவள் விரலில் இருந்த பசையைச் சேலையில் துடைத்தாள். பாதி உருட்டிய தாளைக் கம்பியோடு என் மடியில் வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, தானே ஜீப்பை நோக்கி நடந்தாள்.