மீதி பூஜ்யம் இல்லை

கல்லூரியில் கணிதம் நடத்தும் அவளுக்குச் சில நாட்களாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், ஓர் எண். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். அச்சடித்தால் அலமாரி நிறையும். அது பகா எண்தானா, இல்லை சின்ன எண்களின் பெருக்கலாக உடையுமா என்று வீட்டுக் கணினி வாரக்கணக்கில் முட்டிமோதி, கடைசியில் ‘பகா எண் அல்ல’ என்று கைவிரித்துவிட்டது.

“அதான் இல்லைன்னு வந்துடுச்சே, விட்டுத் தொலை” என்றான் கணவன். முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவன்.

“எப்படிங்க விடறது? நடுவுல நீங்க பெரிய இஸ்திரிப் பெட்டியைப் போட்டப்ப லைட்டெல்லாம் மங்கி மங்கி எரிஞ்சுச்சே. அப்ப கணக்கு தடுமாறியிருந்தா?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தச் சோதனை நான்கில் தொடங்கும். அதன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்து, அந்த ராட்சத எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடியும் அதேபோல. கோடிக்கணக்கான சுற்றுகள் முடியும்போது மீதி பூஜ்யமானால் பகா எண். வழியில் ஓர் இலக்கம் பிசகினாலும் பிறகு வருவதெல்லாம் குப்பை.

கல்லூரி ஆய்வகக் கணினியில் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பாள். வீட்டில் குழம்பைக் கிளறியபடியே ஆய்வக உதவியாளருக்குப் போன் போடுவாள்.

“மேடம், அடுப்புல பால் வச்ச மாதிரி எட்டி எட்டிப் பாக்குறீங்க. அது பாட்டுக்கு ஓடுது, போங்க” என்று அவர் சிரித்தார்.

முடிவு வந்தது. மீதி பூஜ்யம் இல்லை. ஆனால் வீட்டில் வந்த மீதியும் இல்லை, வேறொன்று. இரண்டில் ஒன்று பொய். எது? அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தம்பியின் அலுவலகத்தில் சும்மா கிடந்த கணினியைக் கெஞ்சி வாங்கி மூன்றாவது முறையாக ஓட்டினாள். மறுபடி வாரக்கணக்கில் நகம் கடித்தாள். வந்தது, ஆய்வகத்தில் வந்த அதே மீதி.

வீட்டுக் கணினி தடுமாறியது நிஜம்தான். ஆனாலும் பதில் மாறவில்லை. அது பகா எண் அல்ல.

கணவன் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டான். “சரி, அதை எந்த நம்பர் வகுக்குது?”

“தெரியாது.”

“தெரியாமலேயே உடையும்னு எப்படி அடிச்சுச் சொல்ற?”

“பகா எண்ணா இருந்தா பூஜ்யம் வந்தே தீரணும். வரல. அப்ப உள்ளே எங்கயோ ரெண்டு நம்பர் ஒளிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?”

“கண்டுபிடிச்சிடலாமா?”

“நம்ம ஆயுசு பத்தாதுங்க.”

சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாள் கழித்துத் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். இரண்டு வாய்கூட ஆகியிருக்காது. எச்சில் கையோடு எழுந்துபோய், இடக்கையால் கணினியைத் தட்டி, அந்த ஒளிந்திருக்கும் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.