கஞ்சி வாத்தியாரின் வலது கை

டிரில் வாத்தியார் சட்டைக்குக் கஞ்சி போடுவதில்லை, கஞ்சிக்குத்தான் சட்டை போடுகிறார் என்பது அந்த ராணுவக் கம்பெனியில் சேரும் எந்தப் பயலுக்கும் முதல் வாரமே தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே கஞ்சி. அந்த முகாமில் அவர் பழக்காத சல்யூட் கிடையாது. மேஜரே சின்ன வயதில் அவரிடம் திட்டு வாங்கித்தான் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு பெண் வடிவில் சோதனை வந்து சேர்ந்தது.

நட்பு நாட்டு ராணுவத்திலிருந்து ட்ரோன் வித்தை சொல்லிக்கொடுக்க வந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கே எவரும் போரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அடுத்த வாரம் கம்பெனி எல்லைக்குப் போகிறது, அங்கே எதிரியின் ட்ரோன் வானத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அவள் கல்லூரிக் காலத்தில் கொஞ்ச நாள் இங்கே படித்தவள். பேச்சு வந்துவிட்டது, மரியாதை மட்டும் வரவில்லை. மேஜர் முதல் சமையல்காரர் வரை அவளுக்கு எல்லாரும் 'நீ'தான்.

"நீதான் இங்க பெரியவனா?" என்று வந்த அன்றே மேஜரைக் கேட்டாள். கஞ்சி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. மேஜர் சிரித்துவிட்டார்.

பயிற்சி இதுதான். மூடிக் கிடந்த நூற்பாலை வளாகத்தில் கம்பெனி ஆட்கள் இறங்கி அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். மேஜர் தோள்பட்டை அடையாளம் எதுவும் இல்லாமல் சிப்பாய்களோடு சிப்பாயாகத் திரிவார். அவள் ட்ரோனிலிருந்து அவரைக் கண்டுபிடித்து ஒரு மணல் பொட்டலத்தைப் போடுவாள். பொட்டலம் யார் பக்கத்தில் விழுகிறதோ அவர் செத்ததாகக் கணக்கு.

மேஜரை மறைக்கும் பொறுப்பு கஞ்சிக்கு. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே சட்டை, இதில் எங்கே கண்டுபிடிக்கப்போகிறாள் என்று தெனாவட்டாக இருந்தார். அடுப்பில் தேநீர் கொதிப்பதற்குள் மேஜரின் காலடியில் தொப்பென்று விழுந்தது பொட்டலம். மறுநாள் மேஜர் கையில் தண்ணீர் வாளியைக் கொடுத்து நடக்கவிட்டார். தொப். அதற்கடுத்த நாள் முகத்தில் கிரீஸைப் பூசி லாரி மெக்கானிக் ஆக்கினார். அன்றைக்கு மணல் மேஜரின் தலையிலேயே கொட்டியது.

கஞ்சிக்குத் தாங்கவில்லை. நேரே அவளிடம் போனார். "இது என்ன மேடம், மந்திரமா மாயமா?"

"மந்திரம் இல்ல. இங்க வா, பாரு," என்று பதிவான படத்தை ஓடவிட்டாள்.

கஞ்சி குனிந்து பார்த்தார். தினமும் பூட்ஸ் தேய நடந்த அந்த வளாகம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. மனிதர்கள் வெறும் தொப்பிகளாக ஊர்ந்தார்கள். முகமும் இல்லை, உயரமும் இல்லை. காலை வெயிலில் ஒவ்வொருவர் நிழலும் தரையில் நீளமாகப் படுத்திருந்தது.

"ஆளைப் பார்க்காதே. நிழலைப் பாரு."

பார்த்தார். ஒரு நிழல் கூன் போட்டு நடந்தது, ஒன்று முதுகைச் சொறிந்தது. வாளி தூக்கிய ஒரு நிழல் குறுக்கே போனது. எதிரே வந்த நிழல் ஒரே ஒரு கணம் விறைத்தது. கால்கள் சேர்ந்தன. வலது முழங்கை வெளியே முளைத்து, சட்டென்று உள்ளே போய்விட்டது.

"அது யாரு?" என்றாள்.

கஞ்சி இன்னும் குனிந்து பார்த்தார். "நான்தான்."

"மூணு நாளும் நீதான் எனக்கு வழி காட்டின."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காக்கை பறக்காத உயரத்தில் ஒரு கண், அந்தக் கண்ணுக்கு மனிதனின் மரியாதைகூடத் தெரிகிறது. அவ்வளவு மேலேயிருந்தும் தன் விறைப்பு பிசகில்லாமல் தெரிந்ததில் ஒரு சொட்டுப் பெருமையும் வந்தது. வந்த வேகத்திலேயே தன்னைத் திட்டிக்கொண்டார்.

"எங்க ஊர்ல எதிரி ஆபீசர்களை நான் இப்படித்தான் தேடுவேன்," என்றாள்.

"நிறைய பேரா மேடம்?"

அவள் பேட்டரியைக் கழற்றி மாற்றினாள்.

வீட்டில் மனைவியை மேஜராக்கி எதிரே நடக்கவிட்டு, விறைக்காமல் நிற்கப் பழகிப் பார்த்தார். அவள் நடந்து ஓய்ந்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படி நின்னிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கை அடங்கியது. முதுகு அடங்கவில்லை.

அடங்காத முதுகை என்ன செய்வது என்று யோசித்தவர், மறுநாள் சமையல்காரரைப் பார்க்கும்போதெல்லாம் விறைத்து நின்றார். பொட்டலம் சமையல்காரரின் பருப்புச் சட்டியில் விழுந்தது. கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. ட்ரோன் தலைவி ஓடிவந்து, "என்னையே ஏமாத்திட்டியே!" என்று கஞ்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சமையல்காரர் சட்டியிலிருந்த மணலைப் பார்த்தார். "சிரிங்கப்பா, சிரிங்க. நிஜத்துல நான்தானே போயிருப்பேன்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. கஞ்சி கூனிக் குறுகிப் போனார். சமையல்காரரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அன்று சாயங்காலம் மேஜரின் அறைக்குப் போய் நின்றார்.

"நாளையிலிருந்து எல்லாரும் எனக்கு சல்யூட் அடிக்கணும் சார், எல்லைக்குப் போனப்புறமும். நீங்களும்தான். தேடுறவன் என்னைக் கண்டுபிடிச்சிட்டுப் போகட்டும்."

மேஜர் எழுந்துவிட்டார். "உங்களச் சாகக் கொடுத்துட்டு நான் உயிரோட இருக்கணுமா? முடியாது."

"நீங்க போனா பசங்க திக்குத் தெரியாம நிப்பாங்க. நான் போனா சல்யூட் சொல்லிக்கொடுக்க ஆளில்ல, அவ்வளவுதான். இனிமே அது யாருக்கு வேணும் சார்?"

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "இது உத்தரவு இல்ல," என்றார்.

"தெரியும் சார். நானாத்தான் கேக்கிறேன்."

மறுநாள் காலை நூற்பாலை முற்றத்தில் கஞ்சி சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, தோளைத் தொங்கப்போட்டு நின்றார். கடந்துபோன ஒவ்வொரு பையனும் அவர் முன்னால் விறைத்து நின்றுவிட்டுப் போனான். மேலே ரீங்காரம் கேட்டது. கடைசியாக வாளியோடு வந்தார் மேஜர். வாளியைக் கீழே வைத்தார். கால்களைச் சேர்த்தார். வலது கையைத் தூக்கி, தாழ்த்தாமல் அப்படியே நின்றார்.

கஞ்சியின் கை தோளிலிருந்து விரல்நுனி வரை துடித்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கை பதில் சொல்லாத சல்யூட் ஒன்றுகூட இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. கையை அவர் தூக்கவில்லை. அதிகாரிகள் செய்வதுபோலத் தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

மணல் பொட்டலம் அவர் காலடியில் விழுந்து உடைந்தது.