அகலப்படத்தில் ஒரு சிவப்பு முக்காடு

இசாபெக் எடுத்த அகலப்படங்களில் ஒன்று எவ்வளவு அகலம் என்றால், இடது ஓரத்தில் நுழைந்த பெட்டைக் குதிரை வலது ஓரத்தை எட்டுவதற்குள் குட்டி போட்டுவிட்டது. நாரின் என்ற மலையூரில் இது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குட்டி வளர்ந்தபின் அதன்மேல் ஏறிச் சவாரி போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படத்தைத் திறந்து பார்த்தால் குதிரையும் இருக்காது, குட்டியும் இருக்காது. இரண்டையும் இசாபெக் அழித்திருப்பார்.

மலை, ஏரி, வானம். இவை மூன்றைத் தவிர அவர் படத்தில் எதற்கும் இடமில்லை. "ஒரே ஒரு மூஞ்சி இருந்தா போதும். அப்புறம் எவனும் மலையப் பாக்க மாட்டான்" என்பார்.

வேலை இப்படி. முக்காலியை நட்டு, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முழு வட்டத்துக்கு அறுபது படங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துப் படத்தின்மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் கணினி அவற்றை ஒன்றாகத் தைக்கும். கணினி பழையது. தைக்க ஆரம்பித்தால் கணவாயில் ஏறும் லாரி மாதிரி முனகும். அந்தச் சூட்டில் அவர் மனைவி புருல் மாவு புளிக்கவைப்பாள். தைத்து முடிந்ததும் இடம் போதாது என்று அறுபதையும் இசாபெக் அழித்துவிடுவார். பிறகு மிச்சமான அந்த ஒரே நீளப்படத்தை இணையத்தில் ஏற்றுவார். அகலப்படங்களுக்கென்றே ஒரு தளம் இருந்தது. அங்கே படத்தைச் சுவரில் மாட்டியதுபோல் சும்மா பார்த்துவிட்டுப் போகமுடியாது. விரலால் இழுத்து மலையைச் சுற்றிவரலாம். பெரிதாக்கிக்கொண்டே போனால் எதிர்க்கரையில் இருக்கும் புல்லை எண்ணலாம். நார்வேயில் ஒருவர் அப்படி எண்ணி எண்ணிக்கையையும் எழுதியிருந்தார். இரண்டு குறைந்தது. அந்த இரண்டையும் ஆடு தின்றது என்று இசாபெக் பதில் போட்டார்.

அவர் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் தேநீர்க் குடுவையும் ரொட்டி மூட்டையும் எடுத்துக்கொண்டு புருலும் கூடவே வருவாள். முழு வட்டமும் படமாகும் இடத்தில் மனிதர் நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு: கேமராவின் முதுகுப்பக்கம். அது திரும்பும்போதெல்லாம் கூடவே நடந்துகொண்டிருக்கவேண்டும். இருபத்தெட்டு வருடம், குடுவையோடு, அவள் அவரைச் சுற்றி நடந்தாள்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நோயில் கிடப்பவரைச் சுற்றி வந்தால், அந்த நோய் சுற்றியவருக்கு இடம் மாறிவிடும். தாய்மார் காய்ச்சல் பிள்ளையைச் சுற்றி வருவார்கள்.

"யோவ் கிழவா, உன்னய நான் சுத்தின சுத்துக்கு உன் முட்டிவலி, மூலம், பல்லு எல்லாம் எனக்குத்தான் வரப்போகுது" என்பாள்.

"மூலம் எனக்கு இல்லவே இல்லயே."

"பாத்தியா, அதுக்குள்ள எனக்கு வந்துருச்சு."

அவள் ஏமாற்றவும் செய்வாள். இசாபெக் அளவு பார்க்கக் குனியும் நொடியில் இரண்டு எட்டு முன்னால் பாய்ந்து படத்துக்குள் போய் நின்றுகொள்வாள். சிவப்பு முக்காடு, மூன்று மைல் தள்ளி நின்றாலும் தெரியும். ஒரு படத்தில் நாலு இடத்தில் நின்றிருந்தாள். நாலாவதில் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுலயாவது என்ன விட்டு வையேன், கிழவா. உன் மலை என்ன கரஞ்சா போயிரும்?"

"அடுத்ததுல பாக்கலாம்."

அவள் நின்ற துண்டை வெட்டிவிட்டு, பக்கத்துப் படத்திலிருந்து வெறும் புல்லை எடுத்து ஒட்டுவார். அந்த வேலையில் அவருக்கு ஈடு இல்லை. தளத்தில் நாற்பத்தொரு அகலப்படங்கள். நாற்பத்தொன்றிலும் அவள் நின்றிருக்கிறாள். ஒன்றிலும் இல்லை.

போன நவம்பரில் புருல் இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், யாரும் பார்க்காத சமயத்தில் இசாபெக் எழுந்து அவள் கட்டிலைச் சுற்ற ஆரம்பித்தார். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டிலிருந்து நடந்து, கால்மாட்டைத் தாண்டி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். கட்டிலை இழுத்துப் பார்த்தார். பிராணவாயுக் குழாய் நீளம் போதவில்லை. நர்ஸ் வந்து கத்தினாள்.

"தாத்தா, என்ன பண்றீங்க? வீடு மாத்தறீங்களா?"

இத்தனை காலம் முழு வட்டம் எடுத்த மனிதருக்கு அன்று பாதி வட்டம்தான் கிடைத்தது. புருல் கண்ணைத் திறந்து, "பாதில நிறுத்தாத. தையல் விட்டுரும்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது; இருமலாகிவிட்டது.

வருடச் சடங்குக்குமுன் கல்லறையில் கல் நடவேண்டும். கல்லில் இறந்தவரின் முகத்தைச் செதுக்குவது ஊர்ப் பழக்கம். கல் செதுக்கும் அக்மத் படம் கேட்டு வந்தான். இசாபெக்கிடம் இருந்தது பாஸ்போர்ட் படம் ஒன்று. பல்வலி நாளில் எடுத்தது, ஒரு கன்னம் வீங்கி, ஆடு திருடிப் பிடிபட்டவள்போல் இருந்தாள். புருலின் நாத்தனார் போனில் இன்னொன்று இருந்தது. கல்யாண வீட்டுப் படம், வாய் நிறைய நூடுல்ஸ்.

அக்மத் இரண்டையும் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தான். "தப்பா நினைக்காதீங்க. மலை மலையா எடுத்துத் தள்ளினீங்க. புருல் எஜேவ, நம்ம அக்காவ, ஒண்ணுகூடவா எடுக்கல?"

"எடுத்தேன்டா" என்றார் இசாபெக்.

கல்லுக்கு வீங்கிய கன்னம் போதும். உளியால் வீக்கத்தை இறக்கிவிடலாம் என்று அக்மத் சொல்லிவிட்டான். ஆனால் இசாபெக்குக்குத் தான் எடுத்த படம் ஒன்று வேண்டும். அவள் கேட்டது அதைத்தானே. கணினியைத் திறந்து உட்கார்ந்தார். நாற்பத்தொரு படத்தையும் புல் எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கி, விரல் விரலாக நகர்த்தி, பதினொரு நாள் தேடினார். எங்கேயும் ஒரு நூல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைவேலை அவருக்குப் பிடிக்காமல் போனது.

பன்னிரண்டாம் நாள் படத்தை விட்டுவிட்டுக் கீழே இருந்த கமெண்ட்களைப் படித்தார். சோங்-கோல் ஏரி, அதிகாலை, ஒன்பது வருடத்துக்கு முந்தைய படம். கீழே 'நேர்கோடு' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஏரிக்குள் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண் தலைகீழாக நிற்கிறாள். கரையில் ஆள் இல்லை. மூழ்கிவிட்டாளா, அல்லது உங்களுக்குக் கண் மூழ்கிவிட்டதா?"

அதற்குக் கீழே இசாபெக்கின் பதில்: "தவறுக்கு வருந்துகிறேன். திருத்திய படத்தை ஏற்றிவிட்டேன்."

கரையில் நின்றவளை அழித்தவர் தண்ணீரில் விழுந்த அவள் பிம்பத்தை மறந்திருந்தார். பிறகு அவமானம் தாங்காமல் அதையும் அழித்தார். பழைய படத்தின் இடத்தில் புதியது உட்கார்ந்தால் பழையது போய்விடும். தளத்தின் விதி அது. கமெண்ட் மட்டும் போகவில்லை.

அந்த நேர்கோடு என்பவர் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்த மெலிஸ், ஓய்வுபெற்ற நில அளவையாளர். இசாபெக் எந்தப் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து குற்றம் சொல்லுவார். தொடுவானம் அரைப் பாகை சாய்ந்திருக்கிறது. மேகம் இரண்டு தரம் வந்திருக்கிறது. ஒரு தரம், மலை போன வருடத்தைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருக்கிறது என்று எழுதினார். அளந்துபார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது என்று சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடம் இருவரும் இணையத்தில் கடித்துக்கொண்டார்கள். நேரில் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இசாபெக் வேன் ஏறினார். ஆறு மணி நேரம். கதவைத் திறந்தவர் குச்சிபோல நேராக நின்றார். கூட வந்தது ஒரு பூனை. அதுகூட நேராகத்தான் நடந்தது.

"நான் நாரின் இசாபெக்."

"தெரியும். நிக்கும்போது இடது பக்கம் சாயறீங்க. படத்துலயும் அப்படித்தான்."

மெலிஸ் அவரைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. வேறு வழியில்லை, அண்ணன் முறை வைத்து 'பைகே' என்று கூப்பிடவேண்டியதாயிற்று. அந்த ஒரு சொல் இசாபெக்கின் தொண்டையில் கணவாய் தாண்டுவதற்குள் தேநீர் வந்தது. கிண்ணம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. விருந்தாளி இருந்து பேசவேண்டும் என்றால் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இசாபெக் குடிக்கவில்லை.

"பைகே, சோங்-கோல் படம். தண்ணிக்குள்ள ஒரு பொம்பள நின்னாளே."

"சண்டை போட வந்தீங்களா? ஒன்பது வருஷம் கழிச்சு?"

"இல்ல. அந்தத் தப்பான படம் உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கு?"

"அது என் வீட்டுக்காரி."

மெலிஸ் கிண்ணத்தைப் பார்த்தார். எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு, பாதி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் கணினியில் ஒரு கோப்புறை இருந்தது. பெயர், 'இசாபெக்கின் தவறுகள்'. நூற்றுப் பன்னிரண்டு தவறுகள், தேதி வாரியாக. இசாபெக் திருத்துவதற்குமுன் ஒவ்வொன்றையும் சேமித்துவைத்திருந்தார், என்றைக்காவது சண்டையில் உதவும் என்று. சாய்ந்த தொடுவானங்கள், இரட்டை மேகங்கள். நடுவில் ஒன்றில் ஆளில்லாத ஒரு நிழல், கையில் குடுவையோடு. இன்னொன்றில் பாறைக்குப் பின்னால் ஒரு முழங்கை. வேறொன்றில் ரப்பர் காலணி ஒன்று, புல்மேல் தனியாக.

"இதுவும் அவங்களா?"

"அவதான்."

"இந்தக் காலணி?"

"அவதான். போன வருஷம் வரைக்கும் அதத்தான் போட்டுட்டிருந்தா."

பிறகு ஏரி வந்தது. மலை, அதன்கீழ் கரை, அதன்கீழ் கண்ணாடிபோல் தண்ணீர். தண்ணீரில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு. இசாபெக் பெரிதாக்கினார். மெலிஸ் தளத்திலிருந்து சேமித்தது சின்னப் படம். பெரிதாக்கியதும் சிவப்புக் கட்டங்கள்தான் வந்தன, நாலைந்து. சின்னதாக்கினார். பெண் ஆனாள். திரும்பப் பெரிதாக்கினார். கட்டங்கள்.

"கிட்டப் போவாதீங்க" என்றார் மெலிஸ். "தூரத்துல இருந்தாதான் ஆளு."

இசாபெக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவள் தலைகீழாக நின்றாள். அவர் கழுத்தைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார், அறுபத்தேழு வயதுக் கழுத்து அதற்குமேல் போகவில்லை. மெலிஸ் எழுந்து, கணினித் திரையை இரண்டு கையாலும் தூக்கி, கம்பிகளோடு தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். மலைகள் கீழே தொங்கின. ஏரி வானமானது. அதில் புருல் நேராக நின்றாள், ஒரு கையைத் தூக்கி.

திரை கனமானது. இருந்தும் மெலிஸ் கொஞ்சமும் சாயவிடவில்லை, அளவையாளர் அல்லவா. இசாபெக் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். இசாபெக் சொல்லவே இல்லை. பூனை இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு வந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்றே, தளத்தில் இருந்த சுத்தமான சோங்-கோல் படத்தை எடுத்துவிட்டு, தவறான படத்தை ஏற்றினார் இசாபெக். புல்லை எண்ணமுடியாது. தொடுவானமும் அரைப் பாகை சாய்ந்துதான் இருந்தது. அதைப் பற்றி மெலிஸ் ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை, எங்கோ தூரதேசத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். நல்ல மனிதர், மரியாதையாகவே எழுதியிருந்தார்: "அழகான இடம். ஒரு சிறிய தவறு இருப்பதாகத் தோன்றுகிறது. தண்ணீரில் யாரோ நிற்கிறார்கள். ஆனால் கரையில் ஆள் இல்லையே?"

இசாபெக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"ஆமாம். கரையில் ஆள் இல்லை."