கோட்டைத் தலைவரின் பொறாமை எண்

கோட்டைத் தலைவருக்குக் கோபம் வந்தால் மேசைமேல் இருக்கும் கிண்ணங்கள்கூட நடுங்கும் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதி வைத்திருந்தான் அவரைப் படைத்தவன். படைத்தவனுக்குக் கோபம் வந்தால் நடுங்க அலுவலகத்தில் எதுவும் இல்லை.

கணினியில் ஆடும் கதை விளையாட்டுகள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் அது. எழுதுவதற்கு இரண்டே பேர், கணவனும் மனைவியும். முற்றுகையிடப்பட்ட ஒரு கோட்டைக்குள் தூதர் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். விளையாடுபவர்தான் அந்தத் தூதர். உள்ளே நாற்பத்தைந்து வயதுக் கோட்டைத் தலைவரும், அவரை விவாகரத்து செய்துவிட்டு அதே கோட்டையில் வைத்தியம் பார்க்கும் பெண்ணும் இருக்கிறார்கள். கடைசியில் இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்து, அவரோடு தூதர் தப்பிக்க வேண்டும். தலைவரைக் கணவன் எழுதினான், வைத்தியரை மனைவி எழுதினாள். பல் தேய்த்துக்கொண்டே பேசினாலும் கணவன் தலைவரை ‘அவர்’ என்றுதான் சொல்வான். மனைவி தன்னுடையவளை ‘இவ’ என்பாள்.

கதைப் பொறுப்பாளர் பதவி காலியானபோது முதலாளியம்மா நேராகவே சொல்லிவிட்டார். “வியாழக்கிழமை மத்தியானம் வெளியாளுங்க ஏழு பேர் விளையாடிப் பார்க்க வர்றாங்க. யாரோட ஆளை அதிகம் பேர் தேர்ந்தெடுக்கறாங்களோ, அவங்கதான் பொறுப்பாளர். வீட்ல போய்ச் சண்டை போட்டுக்கோங்க.”

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உள்ளே ஒரு பொறாமை எண் உண்டு. தூதர் வேறு யாரிடமாவது கனிவு காட்டினால் அது ஏறும். எழுபதைத் தொட்டால் பாத்திரம் குத்திப் பேசும். நூறைத் தொட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். எண்களைப் பார்த்துக்கொள்வது நிரல் எழுதும் அக்காவின் வேலை. செவ்வாய்க்கிழமை கணவன் அவள் மேசைக்குப் போனான்.

“அக்கா, அவரோட பொறாமை இருபதுல ஆரம்பிக்குது. அறுபதாக்குங்க.”

“எதுக்குப்பா? மனுஷன் இப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் நிக்கறாரு.”

“அது மூஞ்சியத் தூக்கறது இல்லக்கா, ஆழம். பொறாமைப்படறவன் மேலதான் காதல் வரும். உளவியல்.”

அக்காவுக்கு இரண்டு முறை கல்யாணம் ஆகியிருந்தது. உளவியலைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஒரு பட்டியலைத் திறந்தாள். “வைத்தியருக்கு மட்டும்தான் டிக் போட்டிருக்கு. மத்தவங்க மேலயும் பொறாமை வரணுமா?”

நாற்பத்தொரு வரி. கணவன் படிக்கவில்லை, பட்டியல் படிப்பது கலைஞன் வேலை இல்லை என்பது அவன் கருத்து. “எல்லாத்துக்கும் போடுங்க. அவர் எதையும் அரைகுறையா செய்ய மாட்டார்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

போட்டாள். தூதர் பேசக்கூடிய ஆட்களும், தொடக்கூடிய பொருட்களும் சேர்ந்துதான் நாற்பத்தொன்று.

வியாழன் மத்தியானம் ஒரு நர்ஸ் முதலில் உட்கார்ந்தாள். கோட்டைக்குள் நுழைந்ததும் குதிரையைத் தடவிக் கொடுத்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து தலைவர் வெளிப்பட்டார். “என்னிடம் இல்லாத எதை அவனிடம் கண்டாய்?”

நர்ஸ் குதிரையைப் பார்த்தாள். பிறகு சூப் பானையின் மூடியைத் திறந்தாள். “எத்தனை நாளாக நடக்கிறது இது?” என்றார் தலைவர். வாளியைத் தூக்கினாள். “அவன் உன்னைக் கைவிடுவான். அன்று என்னைத் தேடாதே.” கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டபோது எண் நூறானது. தலைவர் மேலங்கியை உதறிப் போட்டுக்கொண்டு, கோட்டை வாசலைத் திறந்து, எதிரிப் படையின் நடுவில் நடந்து போனார். எதிரிகள் விலகி வழிவிட்டார்கள்.

ஏழு பேருக்கும் இதுதான் நடந்தது. விளையாடும் அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கணவன் வெளிறிப் போய் நின்றான். மனைவி ரொம்ப அனுதாபத்தோடு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பதவி கைக்கு வந்துவிட்டவர்களுக்கு அனுதாபம் சுலபமாக வரும்.

கடைசித் தேர்வு வந்தது. ஏழில் ஆறு பேர் தலைவரைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

“அந்த டாக்டரம்மா தங்கமானவங்கதான்,” என்றாள் நர்ஸ், சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆனா இந்தாளு அடுத்து எதைப் பார்த்துக் கடுப்பாவாருன்னு தெரியணுமே.”

முதலாளியம்மா கணவனின் தோளைத் தட்டினார். “உங்களுக்குக் காமெடி வரும்னு சொல்லவே இல்லையே.”

“திட்டமிட்டதுதான் மேடம்.”

“நல்லது. ஆனா ஒரு தடவை யாருக்கும் வரும். திங்கட்கிழமைக்குள்ள இதே மாதிரி இன்னும் இருபது பொறாமை வேணும். வந்தா நீங்க பொறுப்பாளர். வரலைன்னா அவங்க.”

சனிக்கிழமை காலையிலிருந்து எழுதினான். தலைவர் நிலவைக் கண்டு பொறாமைப்பட்டார். காலத்தைக் கண்டு பொறாமைப்பட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் படித்துக் காட்டினான்.

“நல்லா இருக்கு. அழுகை வருது,” என்றாள். அவள் மூன்று வருடம் செதுக்கிய வைத்தியரை ஒரு குதிரையும் ஒரு பானையும் சேர்ந்து தோற்கடித்திருந்தன. உதவும் மனநிலையில் அவள் இல்லை.

“நீ ரெண்டு சொல்லேன்மா.”

“இருபதும் சொல்றேன். பொறுப்பு எனக்கு.”

“இருபதுக்கு நீ எங்க போவ?”

“எங்க போகணும்? பதினோரு வருஷமா இங்கதானே இருக்கேன்.” ஒரு தலையணை உறையை உதறினாள். “பல் டாக்டருக்குக் கை மென்மைன்னு சொன்னேன். நாலு மாசம் மாத்திரையிலயே ஓட்ட வச்சீங்க. கார்ல வழி சொல்ற ஆம்பளைக் குரலுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு அதை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரம் சுத்தினீங்க. உங்கம்மா என்னைப் பாராட்டினாங்கன்னு உங்கம்மாகிட்டயே ஒரு வாரம் பேசல.”

“அது பொறாமை இல்ல. அக்கறை.”

“அந்தக் குரல் மேலயா?”

கணவன் ஜன்னலைப் பார்த்தான். விட்டுக் கொடுத்தாலும் பதவி அவளுக்கு, கொடுக்காமல் இருபது வராமல் போனாலும் அவளுக்கு. மிச்சம் இருந்தது மானம் மட்டும்தான். “நானா விட்டுக் கொடுத்ததா இருக்கணும்,” என்றான்.

“தாராளமா.”

திங்கட்கிழமை முதலாளியம்மாவின் அறையில் ஐந்து நிமிடம் பேசினான். கலை என்றான், தலைமுறை மாற்றம் என்றான், தியாகம் என்ற சொல்லை மற்றவர்கள் சொல்வார்கள் என்று கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்த்தான். முதலாளியம்மா சாண்ட்விச்சை மென்றபடி, “சரி, இருபது எங்க?” என்றார். மனைவி காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார், சிரித்தார், கணவனைப் பார்த்தார். மறுபடி படித்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மத்தியானமே புதுப் பொறுப்பாளர் அவனைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். பக்கத்தில் அக்காவும் இருந்தாள். “ஏழாவது பொறாமையில தலைவர் கையும் களவுமா மாட்டிக்கறார். ‘இது பொறாமை இல்லை, அக்கறை’ன்னு சொல்றதா எழுதியிருக்கேன். சரிதானே?”

அவன் திரையை நெருங்கி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நிதானமாகப் படித்தான்.

“தப்பு. அவர் அக்கறைன்னெல்லாம் இறங்கி வர மாட்டார். ‘கடமை’ன்னுதான் சொல்லுவார்.”

மனைவி ‘கடமை’ என்று மாற்றினாள். அக்கா குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினாள், தோள்கள் குலுங்கின.

கணவன் தன் இடத்துக்குத் திரும்பினான். என்ன இருந்தாலும், அவரைப் பற்றி எதுவானாலும் இன்னும் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.