ஆல்மாவின் பலகையும் ஒரு தள்ளுவண்டியும்

வெர்னாவுக்கு அன்று வேண்டியதெல்லாம் ஒரே ஒரு கையெழுத்து. ஹார்லன் ஸ்டாக்கருடைய கையெழுத்து.

காட்டுக்குப் போகும் பள்ளத்தாக்கின் வாசலில் தொள்ளாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் அந்த மனுஷருடையது. அதில் வீட்டுமனை போடவே மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால், திங்கட்கிழமை மாவட்ட நிலத் திட்டம் நிறைவேறிவிடும். கொடுக்காவிட்டால் அறுபது பங்களா, ஒரு கோல்ஃப் மைதானம், காட்டு வாசலிலேயே ஒரு காபிக் கடை. திட்ட அதிகாரி என்று பெயர் வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் நாய் படாத பாடு பட்டு வெர்னா வரைந்த வரைபடம் குப்பைக்குத்தான் போகும்.

ஹார்லன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "சனிக்கிழமை ஆல்மாவுக்கு விழா எடுக்கிறீங்கல்ல? நானும் வரேன். ஏரிக்கரையில அந்தம்மா பேர்ப்பலகை நிக்கட்டும், அங்கயே கையெழுத்துப் போடுறேன்."

மொன்டானாவின் அந்த மூலையில் ஆல்மா க்விம்பியைத் தெரியாதவர் யார்? மலைக்கு மேல் கார் ரோடு போடத் துடித்த காலத்தில், ஒரு சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் கோடு கிழித்து, "இதுக்கு அப்பால் ரோடு கிடையாது, மோட்டார் கிடையாது, சக்கரமே கிடையாது" என்று வாஷிங்டன் வரை போய் மல்லுக்கட்டி ஜெயித்து வந்த மகராசி. கண்ணை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இந்த வருஷம் நூறு வயது. அந்தக் காட்டுக்கே இப்போது அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

பெயர்ப்பலகையை நியாயமாக எல்லையில்தான் நட வேண்டும். ஆனால் மாவட்டக் குழுத் தலைவர் ஓரின் விடவில்லை. "போட்டோவுக்குக் காட்டுக்குள்ள இருக்கிற ஏரிதான்யா எடுப்பா இருக்கும்" என்றார். சரி என்று எல்லாம் ஏற்பாடாயிற்று. ஹக்கிள்பெரி பழம் வைத்துச் சுட்ட அப்பம் பன்னிரண்டு, மடக்கு நாற்காலி நாற்பது, கொடி, பேச்சு. நாற்காலிகள் கோவேறு கழுதைகள் மேல் விடியும்போதே போய்விட்டன. பலகை மட்டும் பின்தங்கியது. முழு மரத்தை அறுத்துச் செய்த பலகை, ரெண்டு ஆள் கனம் இருக்கும். வெர்னா தன் தோட்டத்துத் தள்ளுவண்டியில் அதை ஏற்றி, ஹார்லனின் நிலத்து வழியாக மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் ஐம்பது பேர், பாட்டும் சிரிப்புமாக.

காட்டின் எல்லையில் வனக்காவலர் டெஸ் கையைக் குறுக்கே நீட்டினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆன பெண். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"வெர்னா மேடம்... சக்கரம்."

வெர்னா குனிந்து பார்த்தாள். அட கடவுளே! போன கோடையில் ரெண்டு சைக்கிள்காரர்களை இதே இடத்தில் பிடித்துக் கொடுத்ததே வெர்னாதான். ஐம்பது பேரில் ஒருத்தருக்காவது உறைத்ததா? எல்லோருக்கும் அப்பத்தைப் பற்றிய கவலைதான். மானம் கப்பலேறியது.

"அட, ஏரிக்கு ரெண்டே மைல்தான்!" என்றார் ஓரின். "டெஸ், நீ அந்தப் பக்கம் ஏதாவது பறவையைப் பாரேன்."

"நான் எப்படி சார்... மேடம் சொல்லட்டும்."

சிரித்துக்கொண்டே ஆறு பேர் பலகையைத் தூக்கினார்கள். பத்து அடி போனதும் ஓரினுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது; அந்த ஒற்றையடிப் பாதையில் ஆறு பேர் சேர்ந்து நடக்க இடமும் இல்லை. கழுதைகளைத் திருப்பிக் கூட்டி வர மூன்று மணி நேரம் ஆகும். பலகை மறுபடி வண்டிக்கே வந்தது.

வேலியில் சாய்ந்து புல்லை மென்றுகொண்டிருந்தார் ஹார்லன். "தள்ளும்மா. யாரு கேக்கப் போறா? ஒரு மணிக்கு நான் வைக்கோல் கட்டப் போகணும். பலகை அங்க நின்னாத்தான் கையெழுத்து, ஞாபகம் இருக்கில்ல?"

வெர்னா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரெண்டே மைல். அறுபது வீடு. ஆல்மாவின் காட்டைக் காப்பாற்றத்தானே இவ்வளவும்? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சக்கரம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் வண்டியை வந்த வழிக்கே திருப்பினாள்.

"முடியாது ஹார்லன். சைக்கிள்காரனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க போய் உங்க வைக்கோலைப் பாருங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஹார்லன் புல்லைத் துப்பினார். "பேனா எங்க?"

"என்னது?"

"பேனாம்மா, பேனா. காது அடைச்சுப் போச்சா?"

வண்டியிலிருந்து பலகையை இறக்கி, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். ஓரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

"ஆல்மாவுக்கு அப்போ எண்பத்தினாலு வயசு" என்றார் ஹார்லன், பேனாவை மூடாமலே. "முட்டி போச்சு, குதிரை ஏறவும் முடியலை. ஏரியை ஒரு தடவை பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சு. என் ஜீப்புலதான் கூட்டிட்டு வந்தேன். இங்க வந்ததும் நிறுத்துடான்னுச்சு. யாரும் இல்லை, பேசாம உக்காருங்க, கரை வரைக்கும் கொண்டுபோய் விடறேன்னேன். யப்பா, என்னைத் திட்டின திட்டு! இறங்கி, அதோ அந்தப் பாறையில உக்காந்து, சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்துச்சு. இங்கேருந்து ஏரி தெரியக்கூடத் தெரியாது. அப்புறம், வீட்டுக்குப் போலாம்டான்னுச்சு."

டெஸ் தொப்பியைக் கழற்றினாள்.

"அந்தக் கோடு அந்தம்மாவோட போயிருச்சா, இல்ல இன்னும் இருக்கான்னு பாக்கணும்னு இருந்தேன்" என்றார் ஹார்லன். "பலகையை எங்கயும் தூக்க வேணாம். பாறைக்குப் பக்கத்துல, என் நிலத்துலயே நடுங்க."

வெர்னா அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ மண்வெட்டி எங்கே என்று கேட்டார்கள். அதை யாருமே கொண்டு வரவில்லை. ஹார்லன் தலையில் அடித்துக்கொண்டு, தன் கொட்டகையிலிருந்து எடுத்துவர நடந்தே போனார்.