போடாத கோடு

அக்காவின் பழைய பிக்கப் நடுரோட்டில் படுத்துவிட்டது. என்ஜின் ஓடியது, கியர் விழுந்தது, சக்கரம் மட்டும் அசையவில்லை. என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், ஒரு முனை ஜாயின்ட் உடைந்து தரையில் தொங்கியது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதுதான் அவள் பிழைப்பு. வண்டி படுத்தால் வீடும் படுத்துவிடும்.

“மெக்கானிக்கெல்லாம் எதுக்குக்கா? நான் பாத்துக்கறேன்” என்றான் தம்பி.

அவன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச காலம் இருந்தவன். பிறகு ஒரு ஃபேக்டரி, பிறகு ஒரு குடோன். எதிலும் ஒட்டவில்லை. இப்போது அக்கா வீட்டு சோபாவில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“வண்டி ரிப்பேராகி ஒரு நாள்தான் ஆச்சு. இவன் ரிப்பேராகி எவ்வளவு நாளாச்சு?” என்றார் அக்காவின் புருஷன்.

“நீங்க சும்மா இருங்க. ஒரு வேலைய பிடிச்சான்னா செட் ஆயிடுவான்.” தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அக்காவிடம் இருந்த ஒரே பதில் அது.

தம்பி அட்டையை விரித்து, வாசலுக்கு இழுத்து வந்திருந்த வண்டிக்கடியில் போனான். ஷாஃப்ட்டைக் கழற்றி வெளியே இழுத்துப் போட்டான். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“என்னடா இது, ரெண்டா வருது? உடைச்சுட்டியா?”

“ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கும் மாமா. வண்டி குதிக்கறப்ப நீண்டு சுருங்கணும்ல. உங்களுக்கு ஹாரனத் தவிர என்ன தெரியும்?”

பேச்சு வாக்கில் இரண்டு துண்டையும் உருவித் துடைத்து வைத்தான். உருவுவதற்கு முன் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு இழுக்க வேண்டும். திரும்பச் சொருகும்போது கோடும் கோடும் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும், ஓடும்போது வண்டி உதறும். ஒர்க்‌ஷாப்பில் கற்ற முதல் பாடம் அது. சாக்பீஸும் பையில்தான் இருந்தது. மாமாவை மட்டம் தட்டும் மும்முரத்தில் கோடு போடவில்லை.

கடையில் ஜோடியாக வாங்கி வந்த புது ஜாயின்ட்டுகளைப் போட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, வேகம் கூடக்கூடத் தரையிலிருந்து ஒரு நடுக்கம் ஏறியது.

“என்னடா இப்படி உதறுது?”

“புது ஜாயின்ட்டுக்கா. ஓட ஓட செட் ஆயிடும்.”

அக்கா நம்பிவிட்டாள். அந்த வார்த்தையை நம்பித்தானே அவனையே வீட்டில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கும் நேரமாகப் பார்த்துக் குனிந்து வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தான். ஒரு கவை நேராக நின்றது, மற்றது கோணிக்கொண்டு நின்றது. பிரித்து மாட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஏன் பிரிக்கிறாய் என்று கேட்பாளே. மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாரே. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நடுக்கம் அடங்கவில்லை. அக்காவே ஒரு முடிவுக்கு வந்தாள். “கடைக்காரன் மட்டமான ஜாயின்ட்டைக் குடுத்திருக்கான். வா, நீயும் வந்து சொல்லு.”

உதிரிபாகக் கடையில் நல்ல கூட்டம். அக்காவின் குரல் எல்லார் தலைக்கும் மேலே போனது. “என் தம்பி கையில குத்தம் சொல்ல முடியாது. டூப்ளிகேட்டை எங்க தலையில கட்டிட்டு உக்காந்திருக்கீங்க!”

“அம்மா, இந்தக் கடையில டூப்ளிகேட்டுன்னா அது என் மச்சான் ஒருத்தன்தான். சரக்கு ஒரிஜினல்.” கடைக்காரர் தம்பியின் பக்கம் திரும்பினார். “நீதானே மாட்டினே? கவை ரெண்டும் நேரா இருக்கான்னு பாத்தியா?”

“பாத்தேன்.”

பார்த்தது உண்மைதான். என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை.

கூட்டத்தில் யாரோ “இங்கயும் இப்படியா?” என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார். அதைக் கண்ட கடைக்காரர், பேச்சை வளர்க்காமல் இன்னொரு ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார். “எடுத்துட்டுப் போங்கம்மா.”

அன்று மாலை தம்பி நல்ல ஜாயின்ட்டுகளைத் தட்டிக் கழற்றிவிட்டு வேறு நல்ல ஜாயின்ட்டுகளை மாட்டினான். கவைகளை நேராக நிறுத்தினான். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்: “அந்தக் கடைப் பக்கம் போயிடாதீங்க. என் தம்பிதான் கண்டுபிடிச்சான்.” மாமாகூட, “பரவாயில்லையே மாப்ள” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது தம்பிக்கு.

அடுத்த நடையில் அவனும் மூட்டை இறக்க உடன் போனான். அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினாள். “கைய விட்டாக்கூட நேரா போகுதுடா!”

“ஜாயின்ட்டுல ஒண்ணுமில்லக்கா” என்றான் ஜன்னலைப் பார்த்து. “நான்தான் கவையைத் தப்பா சொருகிட்டேன்.”

“எப்ப தெரியும்?”

“கடைக்குப் போறதுக்கு முன்னாடியே.”

அவள் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் பார்த்துத் திருப்பினாள். கடைக்கு எதிரே நிறுத்தியதும் அவன் கதவைத் திறக்கப் போனான்.

“நீ இறங்காதே. கத்துனது நான்.”

இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் போலவே கூட்டம். அக்கா தன் முறை வரும்வரை ஒதுங்கி நின்றாள். எப்போதும் முட்டிக்கொண்டு முன்னால் போகிறவள். பிறகு மேசையருகே தலையைக் குனிந்து என்னவோ சொன்னாள். பணத்தை வைத்தாள். கடைக்காரர் நிமிர்ந்து அவள் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தார். தம்பி சட்டென்று குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினான்.

திரும்பி வந்தவளிடம் கேட்டான், “என்னக்கா சொன்னாரு?”

“கிரீஸ் அடிச்சியான்னு கேட்டாரு.”

“அடிச்சேன்கா.”

அக்கா சாவியைத் திருகவில்லை. சீட்டுக்குப் பின்னால் கிடந்த அட்டையை உருவிக்கொண்டு இறங்கி, சாலையோரத்தில் விரித்துப் படுத்து, தானே வண்டிக்கடியில் போனாள்.