காலில் கட்டிய கைக்கடிகாரம்

வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் மூன்றாவது முறையாக அதே பாட்டைப் பாடினார்: "அடைக்கலம் கேட்டு வந்தவங்க எங்க இருக்காங்கன்னு பாக்க, கால்ல ஒரு சின்னப் பட்டை. கைக்கடிகாரம் மாதிரிங்க ஐயா, யாருக்கும் தொந்தரவில்ல."

கைக்கடிகாரமாம், கைக்கடிகாரம்! வக்கீலம்மாவின் கட்சிக்காரரான தையல்காரர் தினமும் இரண்டு மணிநேரம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அந்தப் பட்டைக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இன்று காலையிலிருந்து நீதிமன்றக் காவலர் ஒரு பிளக்கைக்கூடத் தொடவிடவில்லை.

சார்ஜ் குறைந்ததும் பட்டை காது கிழிய அலறியது. தையல்காரர் இரண்டு கையாலும் பொத்தினார், அடங்கவில்லை.

நீதிபதி மேசையைத் தட்டினார். "என்னங்க இது, மனுஷன் எப்படி வேலை பாக்கறது? முதல்ல அதைக் கழட்டுங்க!"

வக்கீலம்மா எழுந்தார். "அதைத்தாங்க ஐயா, ரெண்டு வருஷமா மனு போட்டுக் கேட்டுட்டிருக்கோம்."